ஏழாவது நிபந்தனை

அறிவு என்பது காற்றைப் போல, மழையைப் போல எல்லோருக்கும் பொதுவானது, அதற்குப் பூட்டுப் போடும் அதிகாரம் எந்த அரசனுக்கும் எந்தக் கம்பெனிக்கும் கிடையாது என்ற பேருண்மை, 1999ஆம் ஆண்டு மே மாதம் பதினாறாந் தேதி ஞாயிற்றுக்கிழமை, அக்கரப்பத்தனைக்கு மேலே பெல்கிரீவ் தோட்டத்து மேப்பிரிவில், பத்தாம் நம்பர் லயத்து வீட்டு வரிசையின் ஆறாம் காம்பராவிலிருந்து உலகறியப் பிரகடனம் செய்யப்பட்டது. பிரகடனம் முடிந்து கால் மணி நேரத்தில் அந்தக் காம்பராவின் முன்சுவர் கண்ணாடியாகத் தெளிந்தது. பிரகடனம் செய்த சோலைமலை உள்ளே குந்தியிருந்து, பனியனின் கிழிசலுக்குள் விரலை விட்டு முதுகைச் சொறிந்துகொண்டிருந்ததை லயத்தில் அப்போது இருந்த முப்பத்தெட்டுப் பேரும் பார்த்தார்கள்.

சுவர் எங்கும் போய்விடவில்லை. கையை வைத்தால் கை நின்றது. மழை உள்ளே வரவில்லை, குளிர் வழக்கம்போல வந்தது. பார்வைக்கு மட்டும் தடை இல்லை. சுண்ணாம்பு அடித்தார்கள்; காயும்வரை வெள்ளையாக இருந்த சுண்ணாம்பு காய்ந்ததும் தெளிந்துவிட்டது. சேலையைக் குறுக்கே கட்டினார்கள். சேலையும் பத்து நிமிஷத்தில் தெளிந்து, அதன் கரை மட்டும் அந்தரத்தில் தொங்கியது. மாலையில் வந்து பார்த்த, மலை வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா, தோட்டத்துச் சுவர்களில் தொழிலாளர்கள் அனுமதியில்லாமல் மாற்றம் செய்யக் கூடாது என்று சொல்லிவிட்டு, சுவர் வழியாகவே உள்ளே மாட்டியிருந்த மணிக்கூட்டில் நேரத்தைப் பார்த்துக்கொண்டு போனார்.

சோலைமலைக்கு அப்போது முப்பத்து நாலு வயது. தோட்டத்து பெக்டரியில் வயர்மேன். தோட்ட ஆபீஸில் செத்துவிட்டதென்று எழுதி வெளியே வைத்த ஒரு கம்ப்யூட்டரை மூன்று மாதம் பாடுபட்டு உயிர்ப்பித்திருந்தார். அதில் ஓட்டுவதற்கான சீடியை, அக்கரப்பத்தனை டவுனில் கடை வைத்திருந்த ஹமீத் நானாதான் கொடுத்தார். சாமான் சுற்றுவதற்கென்று கொழும்பிலிருந்து வந்த பழைய சஞ்சிகைக் கட்டில் ஒன்றின் அட்டையோடு அது ஒட்டியிருந்தது. "படமும் ஓடுதில்ல, பாட்டும் கேக்குதில்ல. சும்மா கொண்டு போங்க" என்றார் நானா. சீடியில் இருந்தது லினக்ஸ், யாரும் எடுத்துப் பகிரக்கூடிய கம்ப்யூட்டர் மென்பொருள். அதோடு இங்கிலீஷில் சில பக்கங்களுக்கு அதன் உரிமமும் இருந்தது. அதை டவுனில் ஒரு கடையில் அச்செடுத்துக்கொண்ட சோலைமலை, அன்று முதல் வேறொரு மனிதராக நடக்கத் தொடங்கினார். இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு.

உரிமத்தின் சாரம் என்று தமக்குப் பட்டதைத் தமிழில் ஏழு நிபந்தனைகளாக எழுதி, பெக்டரியில் மிஞ்சிய பச்சைப் பெயின்டால் பலகையில் தீட்டி, இஸ்தோப்புத் தாழ்வாரத்தில் தொங்கவிட்டார். யாரும் எடுக்கலாம். யாரும் உள்ளே பார்க்கலாம். யாரும் திருத்தலாம். யாரும் யாருக்கும் கொடுக்கலாம். செய்தவர் பெயரை அழிக்கக் கூடாது. பெற்றுக்கொண்டவரும் இதே நிபந்தனைகளுக்கு உட்பட்டவர். ஏழாவது, இதை வைத்திருப்பவருக்கு மறைக்க ஒன்றும் இருக்கலாகாது. இந்த ஏழாவதைத்தான் அவர் அந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு தரம் சத்தமாக வாசித்தார். லயத்துக்கும் அதுதான் பிடித்திருந்தது.

சோலைமலையின் யோசனைகள் பெரும்பாலும் கம்ப்யூட்டர் வேலை செய்துகொண்டிருக்கும்போதுதான் வந்தன. அதற்குப் போதிய அவகாசம் இருந்தது. லினக்ஸின் மையமான கர்னல் என்ற நிரலை அந்த இயந்திரம் கட்டி முடிக்கப் பதினொரு மணி நேரம் எடுக்கும். நடுவில் கரண்ட் போனால் முதலிலிருந்து. அந்த நேரமெல்லாம் அவர் அதன் பின்பக்கத்துச் சூட்டில் ஈரக் காலுறைகளைக் காயப்போட்டுவிட்டுத் தேயிலையைப் பற்றி யோசிப்பார். இந்த மலையில் நூறு வருஷத்துக்கு மேலாகக் கொழுந்து பறிக்கிறோம். பறித்தது எதனோடு கலக்கிறது, எந்தக் கப்பலில் போகிறது, எந்தப் பெயரில் எவருடைய கோப்பையில் விழுகிறது என்று லயத்தில் ஒருவருக்கும் தெரியாது. பெட்டிக்கு மூடி அடித்த பிறகுதான் அதற்குப் பெயர் வைக்கிறார்கள். நமக்குக் கிடைப்பது சலித்து ஒதுக்கிய தூள். உலகமே மூடிய பெட்டியாக இருக்கிறது, திறந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று அவர் முடிவுக்கு வந்தார். காலுறைகளும் அதற்குள் காய்ந்திருக்கும்.

சுவர் தெளிந்ததில் முதலில் நன்மைதான் விளைந்தது. சோலைமலை ரொட்டிக்கு மாவு பிசைவதைப் பக்கத்துக் காம்பரா ராசம்மா வெளியிலிருந்து பார்த்துவிட்டு, "தம்பி, பச்சத் தண்ணியா ஊத்துறீங்க? சுடுதண்ணி ஊத்துங்க. அப்பறம் அது ரொட்டியா கூரத் தகரமான்னு கேப்பீங்க" என்றாள். சோலைமலை சுவருக்கு அருகில் வந்து, "திருத்தம் ஏத்துக்கப்பட்டது அக்கா" என்றார். அதற்குப் பிறகு லயம் முழுவதும் திருத்தங்கள் கொடுக்கத் தொடங்கியது. விறகை எப்படி அடுக்குவது, உடுத்தும் சாரத்தை எப்படி மடிப்பது, குப்புறப் படுத்தால் குறட்டை வராது என்பது வரை எல்லாம் வந்தது. அவர் ஒவ்வொன்றையும் தேதியிட்டு எழுதி, திருத்தியவர் பெயரையும் போட்டார். ஆகஸ்ட் மாதம் ஆறாம் காம்பராவின் ரொட்டி மேப்பிரிவிலேயே சிறந்த ரொட்டியாக இருந்தது. ஒருவன் தனியாக யோசித்தால் இத்தனை வேகமாக முன்னேற முடியுமா என்று சோலைமலை கேட்டார். எல்லோரும் தலையை ஆட்டினார்கள். ரொட்டி வாயில் இருந்தது.

அவருடைய மனைவி நாகலெட்சுமி இந்த மூன்று மாதமும் ராசம்மாவின் காம்பராவுக்குப் போய்ச் சேலை மாற்றிவிட்டு வந்தாள். கொழுந்து மலையிலிருந்து நனைந்து வந்தால் முதலில் அங்கே, பிறகு இங்கே. அவளுடைய தூக்கத்துக்கும் இரண்டு பேர் திருத்தம் சொல்லியிருந்தார்கள். ஆகஸ்ட் கடைசியில் ஒருநாள் காலை அவள் தகரப் பெட்டியை எடுத்து வைத்தாள்.

"ஏங்க, ஒண்ணு அந்தச் செவரு மூடணும். இல்லாட்டி நான் நோட்டன் பிரிட்ஜுக்கு எங்க அக்கா வீட்டுக்குப் போறேன்."

"நம்ம ரெண்டு பேருக்கும் மறைக்க என்னா புள்ள இருக்கு?"

"ஒங்களுக்கு இல்ல. எனக்கு இருக்கு."

"என்னா?"

"அதச் சொல்லிட்டா அப்பறம் என்னாத்த மறைக்கிறது?" என்று சொல்லிவிட்டு அவள் பஸ்ஸுக்குப் போனாள். அவள் போனதையும் சோலைமலை குந்தியிருந்ததையும் லயமே பார்த்தது. அந்த ஒரு நாள் மட்டும் யாரும் திருத்தம் சொல்லவில்லை.

சோலைமலை கடிதம் எழுதினார். நாகலெட்சுமியின் அத்தான் மின்நிலையத்தில் வேலை செய்ததால் அந்த வீட்டுக்கு ஒரு நம்பர் இருந்தது. கடிதம் சரியாகப் போய்ச் சேரும். லயங்களுக்கு நம்பர் இருந்தாலும் முகவரி கிடையாது. பெயர், பிரிவு, தோட்டம் என்று எழுதினால் தபால் தோட்ட ஆபீஸுக்கு வரும். அங்கே பெரிய கிளாக்கர் குகநேசன் பிரிவுவாரியாகப் பிரித்து, காலையில் வேலைக்கு ஆள் கூட்டும் பெரட்டுக் களத்துக்கு அனுப்புவார். காலைப் பெரட்டில் பெயர் கூப்பிட்டுக் கொடுப்பார்கள். சோலைமலையின் பெயரைக் கூப்பிடவில்லை. அவர் பத்துக் கடிதங்கள் எழுதினார், ஒரு பதிலும் வரவில்லை. நேரில் போய்ப் பார்த்திருக்கலாம். ஹட்டனுக்கு ஒரு பஸ், அங்கிருந்து நோட்டன் பிரிட்ஜுக்கு ஒரு பஸ். ஆனால் கொள்கை உள்ள மனிதர்கள் தாங்களாக முதலில் பஸ் ஏறுவதில்லை. அவள் மனத்தை மூடிக்கொண்டாள் என்று முடிவு செய்து, மூடிய பொருள்களின் தீமை பற்றி அவர் இன்னும் ஆழமாக யோசிக்கலானார். ரொட்டி சுடும்போது இரண்டு பேருக்கு மாவு எடுத்துவிட்டு, பாதியைத் திரும்ப டின்னுக்குள் போடுவதை எல்லோரும் பார்த்தார்கள்.

இதற்கிடையில், பெற்றுக்கொண்டவரையும் கட்டும் ஆறாவது நிபந்தனை தன் வேலையைக் காட்டியது. தோட்டக் கமிட்டித் தலைவர் இராமையா, சங்கத்துக்கு மனு அடிக்கவென்று பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி, சோலைமலையிடம் சீடியின் பிரதி கேட்டார். கொடுத்தார். அன்று மாலையே தலைவரின் சுவரும் தெளிந்தது. அது தலைவர் கூரைத் தகரம் கேட்டுச் சாகும்வரை உண்ணாவிரதம் இருந்த வாரம். உடுப்பு மாற்றிவிட்டு வருகிறேன் என்று பந்தலிலிருந்து எழுந்து போனவர், சுவர் அப்போதுதான் தெளிவதைக் கவனிக்காமல், காம்பராவுக்குள் பாண் ரொட்டியைக் கிழித்து மீன் டின்னில் தோய்ப்பதைக் கோரிக்கை அட்டைகளோடு நின்ற நாற்பது பேர் பார்த்தார்கள். ராசம்மா சுவரைத் தட்டி, "தலைவரே, ஒரு வெங்காயம் நறுக்கித் தரவா? மீன வெறுமனே தின்னா வயித்துக்கு ஆகாதுங்களே" என்றாள். உண்ணாவிரதம் வெற்றிகரமாக முடிந்ததாகத் தலைவர் பந்தலுக்கு வந்து அறிவித்தார்.

2001 பெப்ரவரியில் கம்பெனியிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. தோட்ட ஆபீஸ் கம்ப்யூட்டர்களில் மென்பொருளின் களவுப் பிரதிகள் ஓடக் கூடாதாம், புதிது வாங்கவும் மாட்டார்களாம். குகநேசன் ஆளனுப்பி சோலைமலையை அழைத்தார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், இருபத்திரண்டு வருஷமாக அந்த நாற்காலியில் இருந்தார், தன்னுடைய கையெழுத்தைத் தவிர மற்ற எல்லாக் கையெழுத்தையும் சந்தேகித்தார்.

"ஐயா, போட்டுத் தர்றேங்க. ஆனா அதுக்கு நிபந்தனைங்க இருக்கு. ஒருக்கா பலகைய பாத்துட்டீங்கன்னா..."

"சும்மா வாற சாமானுக்கு என்ன நிபந்தனை ஐசே? உம்மட பலகையை உம்மட லயத்திலை வைச்சுக்கொள்ளும். இஞ்சை வேலையை முடிச்சுப்போட்டுப் போம்."

சோலைமலை வேலையை முடித்துவிட்டுப் போனார். மறுநாள் காலை ஆறரை மணிக்கு, முந்நூறு பேர் பெரட்டுக் களத்தில் நிற்கையில், எதிரே ஆபீஸின் முன்சுவர் முழுவதும் தெளிந்து நின்றது. இடப் பக்கம் தோட்டத்தை நடத்தும் பெரிய தொரை முகம் பார்க்கும் கண்ணாடி முன்னால் நின்று அன்றைக்குப் பெரட்டில் படவேண்டிய கோபத்தைப் பட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். புருவத்தை இரண்டு விதமாகத் தூக்கிப் பார்த்து, இரண்டாவதைத் தெரிவு செய்தார். நடுவில் பெரிய கிளாக்கர் கடித உறை வெட்டும் கத்தியால் கால் நகம் களைந்துகொண்டிருந்தார். வலப் பக்கம் சுவரோடு சேர்த்துக் கட்டிய அலுமாரி இருந்தது. சுவரோடு அதுவும் தெளிந்திருந்தது. அதற்குள் கடிதங்கள் இருந்தன.

அடுக்கடுக்காக, முகவரிப் பக்கம் வெளியே தெரிய, நானூற்றுப் பதினொரு கடிதங்கள். குகநேசனிடம் கெட்ட எண்ணம் எதுவும் இருக்கவில்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். மேப்பிரிவில் மட்டும் ஆறு இராமையாக்கள் இருந்தார்கள். எந்தக் கடிதம் எவருக்கு என்று விசாரிப்பது தொல்லை. கிழித்துப் போடுவது பாவம். ஆகவே உள்ளே வைத்தார். பிறகு அது பழக்கமாகி, இராமையா அல்லாதவர்களின் கடிதங்களும் உள்ளே போயின.

கூட்டம் பெரட்டை விட்டுச் சுவரோடு வந்து ஒட்டியது. எழுத்துத் தெரிந்தவர்கள் வாசித்தார்கள், தெரியாதவர்கள் அவர்களைப் பிடித்து உலுக்கினார்கள்.

"ஆண்டியப்பன், கீழ்லயம்... குவைத்து முத்திரை ஒட்டியிருக்கு!"

"எம் மகதான்! ரெண்டு வருசமா மூச்சு விடலன்னு திட்டிக்கிட்டு இருந்தேனே!"

"இராமையா..."

"எந்த ராமையா?"

"அதத்தான்டா அந்தாளு கேட்டுக் கேட்டு ஓஞ்சிருக்காரு!"

யாரும் கல்லெறியவில்லை. குகநேசன் கத்தியைக் கீழே வைத்து, செருப்பை மாட்டிக்கொண்டு, அலுமாரியைத் திறந்தார். நண்பகல்வரை கடிதம் கொடுத்தார்கள். அன்று கொழுந்து எடுக்கவில்லை. ஆசிரியர் வேலைக்கு நேர்முகம் வரச்சொன்ன கடிதங்கள் நாலு இருந்தன, நாலின் தேதியும் போயிருந்தது. மரண அறிவித்தல்கள் இருந்தன; எட்டாம் நம்பர் லயத்தில் மூன்று வருஷம் பிந்தி ஒரு கிழவருக்காக அழுதார்கள். சோலைமலைக்கு ஒன்பது கடிதங்கள் கிடைத்தன. எல்லாம் ஒரே கையெழுத்து.

அவர் ஆறாம் காம்பராவுக்குள் போய் உட்கார்ந்து அவற்றை வாசித்தார். லயம் வெளியிலிருந்து அவர் முகத்தை வாசித்தது. முதல் கடிதத்தில் கோபம். மூன்றாவதில், இஸ்தோப்புப் பக்கம் எப்படியும் இருக்கட்டும், படுக்கிற பக்கம் மட்டும் மறைவு இருந்தால் வந்துவிடுகிறேன் என்று எழுதியிருந்தாள். ஐந்தாவதில், தைப்பொங்கலுக்கு அடுத்த வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு ஹட்டன் பஸ் நிலையத்துக்கு வருகிறேன், நீங்களும் வாருங்கள், பேசுவோம் என்றிருந்தது. ஆறாவதில், நாலு மணிவரை நின்றேன் என்று ஒரே ஒரு வரி. ஒன்பதாவது கடிதம், இனிமேல் எழுதமாட்டேன் என்பதை எழுதத்தான் எழுதப்பட்டிருந்தது.

மறுநாள் முதல் பஸ்ஸில் சோலைமலை போனார். நோட்டன் பிரிட்ஜில் அவள் கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் போட்டுக்கொண்டிருந்த துணியை இன்னொரு தரம் பிழிந்தாள்.

"இவ்வளவு நாளா பஸ் ஓடலீங்களா?"

"கடுதாசி கெடைக்கல புள்ள. ஆபீஸ் அலுமாரில..."

"கடுதாசி கெடைக்கலன்னா ஆளு வரக்கூடாதுன்னும் பலகையில எழுதியிருக்கோ?"

சோலைமலை கைகளை முன்னால் கட்டிக்கொண்டு நின்றார். சுவரை மூடத் தன்னால் முடியாது, அது உரிமத்தில் உள்ள நிபந்தனை, உலகம் முழுவதற்கும் ஒன்றுதான் என்றார். நாகலெட்சுமி துணி முழுவதையும் போட்டு முடித்தாள். பிறகு, "அந்தத் தாள நான் பாக்கணும். வாறேன். பாத்துட்டு, அதுல அப்பிடித்தான் இருந்துச்சுன்னா நாலு மணி பஸ்ல திரும்பிருவேன். அப்பறம் நீங்க வரக்கூடாது" என்றாள்.

அப்படித்தான் அன்று பகல் ஒன்றரை மணிக்கு ஆறாம் காம்பராவின் இஸ்தோப்பில் அவள் உட்கார்ந்து உரிமத்தை வாசிக்கத் தொடங்கினாள். சாதாரண தரப் பரீட்சையில் இங்கிலீஷ் பாடத்தில் திறமைச் சித்தியோடு தேறிவிட்டுக் கொழுந்துக்குப் போனவள் அவள். விரலை வரிக்கு அடியில் வைத்து, உதடு அசைய, சில இடங்களில் பின்னுக்குப் போய் மறுபடியும் வாசித்தாள். மலையிலிருந்து இறங்கியவர்கள் கூடையோடு நின்றார்கள். ராசம்மா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள், அது ஆறியது. சோலைமலை வாசலில் நின்று பஸ் வரும் வளைவைப் பார்த்தார், அவள் விரலைப் பார்த்தார், மறுபடி வளைவைப் பார்த்தார். நாலு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது அவள் தலையை நிமிர்த்தினாள்.

"ஆறு நிபந்தனை ஏதோ ஒரு மாதிரி இருக்கு. ஏழாவது இதுல இல்ல."

"உள்ள எங்கயாச்சும் இருக்கும்."

"இல்லீங்க. அடுத்தவங்களுக்குக் குடுத்தாத்தான் உள்ள இருக்கறதக் காட்டணும்னு போட்டிருக்கு. குடுக்காம நம்மகிட்டயே வச்சிருக்கறதக் காட்டச் சொல்லி ஒரு எடத்துலயும் இல்ல. இந்த ஏழாவது எங்கேருந்து வந்துச்சு?"

லயம் சோலைமலையைப் பார்த்தது. இருபத்தொரு மாதமாகச் சுவர் ஊடாகப் பார்த்துப் பழகியவர்களுக்கு அன்று அவரை நேரே பார்ப்பது கொஞ்சம் கூச்சமாக இருந்தது. அவர் பலகையைப் பார்த்தார். ஏழாவதுதான் மற்ற ஆறையும்விடப் பெரிய எழுத்தில் இருந்தது. அது இல்லாவிட்டால் அவர் வெறும் வயர்மேன். வளைவில் பஸ்ஸின் ஹோர்ன் கேட்டது. நாகலெட்சுமி தகரப் பெட்டியின் கைப்பிடியில் கை வைத்தாள்.

"நல்லா இருக்குன்னு நான்தான் போட்டேன்" என்றார் சோலைமலை.

பெயின்ட் டின்னைத் தேடியெடுத்து, தடித்துப்போன பச்சையில் விரலைத் தோய்த்து, ஏழாவது வரியின் மீது இடமிருந்து வலமாக ஒரு கோடு இழுத்தார். தேத்தண்ணியில் பால் விழுந்தது போலச் சுவர் கலங்கத் தொடங்கியது. படுக்கிற பக்கம் முதலில் மூடியது. கம்ப்யூட்டர் இருந்த பக்கம் மூடவில்லை. அங்கே இருந்தது மற்றவர்களுக்குக் கொடுப்பதற்கானது. எல்லையில், சுவரின் நடுவில், ஒரு ஆணி பாதி தெரிந்தும் பாதி தெரியாமலும் நின்றது. பஸ் போய்விட்டது. "திருத்தம் ஏத்துக்கப்பட்டதுன்னு எழுதுங்க. பேரப் போடுங்க" என்றாள் நாகலெட்சுமி. அவர் எழுதினார். அவள் உள்ளே போய், மூடிய பக்கத்தில் நெடுநேரம் ஒன்றும் செய்யாமல் இருந்தாள். அல்லது ஏதாவது செய்தாளோ, தெரியாது.

அதே மாலையில் தலைவர் இராமையாவின் சுவர் முழுவதுமாக மூடிக்கொண்டது. அடுத்த மாதம் அவர் மறுபடியும் உண்ணாவிரதம் தொடங்கினார். ஆபீஸில் பெரிய தொரையின் கண்ணாடிப் பக்கம் மூடியது, கிளாக்கரின் மேசைப் பக்கமும் மூடியது. அலுமாரி இருந்த இடம் மட்டும் மூடவில்லை. அதற்குள் இருந்தவை மற்றவர்களுக்குக் கொடுக்க வேண்டியவை என்பதால் அப்படி இருக்கலாம் என்று நாகலெட்சுமி சொன்னாள்; வேறு விளக்கத்தை யாரும் தேடவில்லை. பெரட்டுக்குப் போகிறவர்கள் அந்த இடத்தில் ஒரு நிமிஷம் நின்று, தங்கள் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போவது வழக்கமானது. குகநேசன் ஓய்வுபெற்றுப் போன பிறகு வந்த கிளாக்கர் முதல் வாரம் அங்கே கலண்டர் தொங்கவிட்டுப் பார்த்தார், கலண்டர் தெளிந்தது, விட்டுவிட்டார். தோட்டத்துக்கு வந்த வெளியூர்க்காரர்கள் கேட்டால், ஆமாம், அந்தச் சுவர் அப்படித்தான் என்பார்கள்.

சோலைமலை லினக்ஸைத் தொடர்ந்து கொடுத்துவந்தார். றொசல்ல, வட்டவளை என்று பல இடங்களிலிருந்தும் ஆட்கள் வந்து பிரதி வாங்கிப் போனார்கள். கேட்டவர்களுக்கு ஆறு நிபந்தனைகளை மட்டுமே சொன்னார். 2006ஆம் ஆண்டு ஹட்டனில் ஒரு மண்டபத்தில் கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்கள் விழா எடுத்து, மலையகத்தில் முதன்முதலாக அந்த உரிமத்தைத் தமிழுக்குக் கொண்டுவந்த அறிஞர் என்று அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். நாகலெட்சுமி முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டினாள்.

சோலைமலைக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது.